ஒன்பது சீட்டு வைத்துக்கொண்டு ஃபினெஸ் ஆடிய முட்டாள் எழுதுவது

சனிக்கிழமை பிரிட்ஜ் சீட்டாட்டத்தின் 20ஆவது போர்டைப் (கையைப்) பற்றி இனிப் பேசுவதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் அதில் நான் துருப்பை ஆடியவிதத்தைப் பற்றி நேற்றிரவு நம் குழுவில் ஓடிய கேலிக்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஏலத்தில் நாங்கள் எடுத்தது 7 ஸ்பேட்: ஸ்பேட் துருப்பு, பதின்மூன்று பிடியும் எடுத்தாகவேண்டும். துருப்பில் எங்கள் இருவரிடமும் சேர்த்து ஒன்பது சீட்டு. ராணி மட்டும் இல்லை. அதைப் பிடிக்க இரண்டு வழி: ஏஸ், ராஜா என மேலிருந்து அடித்து விழவைப்பது, அல்லது ராணி இந்தப் பக்கம்தான் என்று நம்பி ஜாக்கைப் போட்டுப் பார்ப்பது, அதாவது ஃபினெஸ். "எட்டென்றால் ஃபினெஸ், ஒன்பதென்றால் மேலிருந்து அடி" என்ற பாடம் எனக்குத் தெரியாது என்று முடிவு கட்டியவர்களுக்குச் சொல்கிறேன்: தெரியும். எதிராளிகளைப் பற்றி ஒன்றுமே தெரியாதபோது பின்பற்றவேண்டிய பாடம் அது; அப்போதும் அதில் கிடைக்கும் லாபம் மயிரிழைதான். இங்கே மேற்கில் இருந்த எதிராளி 3 கிளப் என்று ஏலத்தைத் தொடங்கியிருந்தார்; ஏழு கிளப் உள்ள கைதான் வழக்கமாக அப்படித் தொடங்கும். அவரிடம் ஏழு கிளப், எங்களிடம் நான்கு, கிழக்கிடம் இரண்டு. அப்படியென்றால் மற்ற மூன்று இனங்களுக்கும் மேற்கின் கையில் 6 இடம், கிழக்கின் கையில் 11 இடம். டம்மியின் (மேசையில் விரித்துவைத்த கூட்டாளி கையின்) ராஜாவை இறக்கினேன். இருவரும் சின்னச் சீட்டுப் போட்டார்கள். மறுபடி டம்மியிலிருந்து ஆடியபோது கிழக்கு இன்னொரு சின்னச் சீட்டைப் போட்டார். இப்போது ராணி அவரிடம் இருக்க 9 வழி (11இல் போட்ட 2 போக), மேற்கிடம் இருக்க 5 வழி (6இல் 1 போக). நான் ஜாக்கைப் போட்டேன். மேற்கு ராணியை எடுத்து, ஓசையில்லாமல், ஏதோ மன்னிப்புக் கேட்பதைப்போல மேசையில் வைத்தார்.

இதே சீட்டுகளை ஆடிய இன்னொரு மேசையில் நம் அணிக்காரர் அதே மேற்குக் கையை வைத்துக்கொண்டு பாஸ் சொல்லிவிட்டார். அதனால் ஒன்றும் தெரியாத எதிரணிக்காரர் 6 ஸ்பேடில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு மேலிருந்து அடித்து, பதின்மூன்று பிடியும் எடுத்து 1460 புள்ளி வாங்கினார். எங்களுக்கு மைனஸ் 100. போனது 17 இம்ப் (அணி ஆட்டத்தில் இரு மேசை வித்தியாசத்துக்கான புள்ளி). கணக்குப் பார்த்தவன் முட்டாள், பார்க்காதவர் மேதை, நல்ல நியாயம்தான்.

"மற்ற இனங்களை ஆடி எண்ணிவிட்டு முடிவு செய்திருக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏழு கிளப் வைத்திருப்பவர் முன்னால் துருப்பை எடுக்காமல் வேறு இனம் ஆடி வெட்டு வாங்கியிருந்தால், இதே நபர்தான் முதலில் சிரித்திருப்பார்.

எனக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் திருச்சியில் ஓய்வுபெற்ற கணக்கர். டீ வரும்வரை முடிந்த கையைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். ஒருமுறை தவறாக ஆடி ஒரு ஸ்லாமை (12 அல்லது 13 பிடிக்கான ஏலத்தை) ஜெயித்துவிட்டுத் துள்ளினேன். மறுநாள் பஸ் டிக்கெட்டின் பின்புறம் நான்கு கைகளையும் எழுதி நீட்டினார். நான் ஜெயித்தது ஐந்தில் ஒரு வாய்ப்பில் என்று அடியில் குறித்திருந்தார். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. நம் குழுவில் இருப்பவர்களுக்கு முடிவு தெரிந்த பிறகுதான் மூளை வேலை செய்கிறது. 1975 பெர்முடா பௌல் என்ற உலக பிரிட்ஜ் போட்டியின் இறுதியில், 92ஆவது போர்டில், துருப்பு ராஜா இல்லாமலேயே இத்தாலியின் பெல்லடோனாவும் கரோசோவும் 7 கிளப் போனார்கள். ராஜா எதிராளியிடம் இன்னொரு துருப்போடு மட்டும், சரியான பக்கத்தில் இருந்தது, கோப்பை இத்தாலிக்கு. அது மட்டும் எதிர்ப்பக்கம் இருந்திருந்தால் அவர்களையும் இவர்கள் விட்டிருக்கமாட்டார்கள்.

ஏழு போனதே தவறு என்பவர்களுக்கு ஒரே ஒரு வரி. ஏழு கேட்டவன் நானல்ல. என்னிடம் துருப்பு ராணி இல்லை என்பதை ஏலத்தில் 5 ஹார்ட் என்ற சங்கேதப் பதில் சொல்லித் தெளிவாகத் தெரிவித்திருந்தேன். அதைக் கேட்டபிறகும் 7 ஸ்பேட் அட்டையை எடுத்து வைத்தது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அன்று மேசையில் நான் அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. இன்றும் எழுத விரும்பியிருக்கமாட்டேன். ஆனால் பதினொரு வருடமாக என் கூட்டாளியாக எதிரில் உட்கார்ந்து ஆடுபவர், வீடு திரும்பும்வரை காரில் என்னிடம் ஒன்றும் சொல்லாமல், இரவு குழுவில் "ஒன்பதுக்கு ஃபினெஸா!" என்று எழுதி அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மையும் போட்டால் என்ன செய்வது?

இன்று காலை, ஞாயிறு ஆட்டத்துக்கு எத்தனை மணிக்கு வரட்டும் என்று அதே கூட்டாளி சார் கேட்டிருக்கிறார். பொம்மை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.