பாண்டுக்கு வலிச்ச படம்

ஜேம்ஸ் பாண்ட் படமான கேசினோ ராயல் பத்தி பேச்செடுத்தாலே யாராச்சும் ஒருத்தர் வந்து "அது ஜேசன் போர்ன் (Bourne) உளவாளிப் படத்தோட காப்பிங்க, அடிதடிய கொஞ்சம் முரட்டுத்தனமா வெச்சுட்டா ரியலிஸ்டிக் ஆயிடுமா"ன்னு ஆரம்பிச்சிடுறாங்க. இந்த விஷயத்துல எனக்கு ரொம்ப நாளா ஒரு பஞ்சாயத்து பாக்கி இருக்கு, இன்னைக்கு தீத்துடலாம்னு உக்காந்துட்டேன். கதையோட முடிவு வரைக்கும் பேசுவேன். 2006ல வந்த படத்துக்கு ஸ்பாய்லர் வார்னிங் எல்லாம் போட முடியாது, மன்னிச்சுக்கங்க.

மொதல்ல அப்போ நிலைமை என்னன்னு பாருங்க. 2002ல டை அனதர் டே வந்துச்சு. கண்ணுக்கே தெரியாத கார், ஐஸ்ல கட்டின மாளிகை, கிராஃபிக்ஸ் அலை மேல பாண்ட் சர்ஃபிங் பண்றது... பியர்ஸ் ப்ராஸ்னன் பாவம், மனுஷன் அவர் வேலைய ஒழுங்காத்தான் பாத்தாரு. கவனிக்க வேண்டியது என்னன்னா அந்தப் படம் ஓடாம போகல, அதுவரைக்கும் வந்த பாண்ட் படங்கள்லயே அதிகமா வசூல் பண்ணது அதுதான். நல்லா காசு கொட்டிட்டு இருக்கும்போதே பார்பரா ப்ராக்கோலியும் மைக்கேல் வில்சனும் ப்ராஸ்னனை விட்டுட்டு, கதைய மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு முடிவெடுத்தாங்க. இந்த தைரியம் எத்தன தயாரிப்பாளருக்கு வரும் சொல்லுங்க. அதே 2002லதான் முதல் போர்ன் படமும் வந்துச்சு, அத இவங்க பாக்காம இருந்திருப்பாங்கன்னு நானும் சொல்லல. ஆனா பாத்துட்டு இவங்க போய் நின்ன இடம் வேற.

போனது 1953க்கு. இயன் ஃப்ளெமிங் எழுதின முதல் பாண்ட் நாவலே கேசினோ ராயல்தான். அந்த ஒரு புத்தகம் மட்டும் இவங்க கையில பல வருஷம் சிக்கவே இல்ல. 1954ல அமெரிக்க டிவில ஒரு மணி நேர நாடகமா வந்துச்சு, அதுல பாண்டையே அமெரிக்கனா மாத்தி ஜிம்மின்னு கூப்பிட்டாங்க. 1967ல அதே பேர்ல பீட்டர் செல்லர்ஸ், டேவிட் நிவன் எல்லாம் சேந்து ஒரு காமெடி கூத்து. அப்புறம் 1999ல சோனிக்கும் எம்ஜிஎம்முக்கும் வழக்கு சமரசம் ஆனப்போதான் இந்தக் கதை பாண்ட் குடும்பத்துக்கு வந்து சேந்துச்சு, ஸ்பைடர்மேன் சோனிக்கு போச்சு. ரெண்டு பேருக்குமே லாபந்தான். ஆக புதுசா மாத்தணும்னு கிளம்பினவங்க கையில எடுத்தது இருக்கிறதுலயே பழைய சரக்கு.

இயக்குநர் மார்ட்டின் கேம்ப்பெல். 1995ல கோல்டன்ஐ எடுத்து ப்ராஸ்னனை பாண்டா கொண்டுவந்ததும் இவருதான். ரெண்டு தடவ இந்த ஃப்ரான்சைஸ தூக்கி நிறுத்தின ஆளு, ஆனா இவர் பேரு எத்தன பேருக்கு தெரியும்? நோலனப் பத்தி பத்து பக்கம் எழுதுவோம், இவர விட்டுடுவோம்.

டேனியல் க்ரெய்க்க 2005 அக்டோபர்ல அறிவிச்சப்போ நடந்த கூத்து ஞாபகம் இருக்கா? தேம்ஸ் நதில நேவி படகுல கூட்டிட்டு வந்தாங்க, மனுஷன் கோட்டு சூட்டுக்கு மேல லைஃப் ஜாக்கெட் போட்டுட்டு வந்தாருன்னு லண்டன் பத்திரிகை எல்லாம் கிண்டலோ கிண்டல். பொன்னிற முடி வெச்சவன் எப்படி பாண்டா இருக்க முடியும், உயரம் பத்தாது, படத்த புறக்கணிப்போம்னு வெப்சைட் வேற தொடங்கினாங்க. ஒரு ஷாட்கூட யாரும் பாக்கல, அதுக்குள்ள இவ்வளவு ஆத்திரம். சினிமா ரசிகன் எல்லா ஊர்லயும் ஒரே ஜாதிதான் போல.

சரி, போர்ன் காப்பிக்கு வருவோம். போர்னுக்கு தான் யாருன்னே தெரியாது, அவன வளத்த ஏஜென்சியே அவனத் துரத்தும். இங்க இருக்கிறவனுக்கு தான் யாருன்னு தேவைக்கு அதிகமாவே தெரியும், திமிரு பிடிச்சவன், தெரியாதது ஒண்ணே ஒண்ணு, இந்த வேலைக்கு தான் என்ன விலை குடுக்கப் போறோம்ங்கிறது. ஆரம்பத்துல ப்ராக்ல நடக்கிற கறுப்பு வெள்ளை காட்சிய எடுத்துக்கங்க. ஆளக் கொல்ல லைசென்ஸ் குடுக்கிற 00 அந்தஸ்து வாங்க ரெண்டு கொலை பண்ணணும். மொத கொலை ஒரு பொதுக் கழிப்பறைல, வாஷ் பேசின்ல தலைய அமுக்கி, மூச்சு வாங்க, பாக்கவே சகிக்காத ஒரு கொலை. ரெண்டாவது ஆளு நாற்காலில சாவகாசமா உக்காந்துட்டு, ரெண்டாவது ஈஸின்னு சொல்ல வாயெடுக்கிறான், முடிக்கிறதுக்குள்ள சுட்டுட்டு "ஆமா, ரொம்பவே"ங்கிறான் பாண்ட். அந்த ஜோக்குக்கு சிரிச்சிட்டு அப்புறம்தான் நமக்கு உறைக்குது, இவன் இப்பதான் ஒரு மனுஷன கொல்றதுக்குப் பழகியிருக்கான்னு.

மடகாஸ்கர்ல நடக்கிற துரத்தல் சீன் வேற. ஓடுற ஆளா வர்ற செபாஸ்டியன் ஃபூக்கான் நிஜமாவே, சுவரு கட்டடம்னு தாவி ஓடுற பார்க்கூர் கலைய வளத்த ஆட்கள்ல ஒருத்தர். சுவரோட மேல் பக்கம் ஒரு சின்ன சந்து இருக்கும், அதுக்குள்ள மீன் மாதிரி வழுக்கிட்டுப் போயிடுவான். பின்னாடி வர்ற பாண்ட் அந்தச் சந்த ஏறிட்டுகூட பாக்க மாட்டான், ப்ளாஸ்டர் சுவத்த இடிச்சுக்கிட்டே நேரா வந்து நிப்பான், உடம்பு பூரா தூசி. ஒரு வரி வசனம் கிடையாது, இவன் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு சொல்லி முடிச்சாச்சு. கேமராவ ஆட்டி ஆட்டி எடுத்திருந்தா இது நமக்குத் தெரிஞ்சிருக்குமா? க்ரேன் மேல யார் எங்க நிக்கிறாங்க, எவ்வளவு உயரம், எங்க தாவணும்னு எல்லாமே தெளிவா தெரியுது. போர்ன் படத்தோட ஸ்டைலுக்கு இது நேர் எதிர். காப்பின்னு சொல்றவங்க அந்த ஒரு சீன திரும்ப ஒரு தடவ பாத்துட்டு வாங்க.

எனக்கு இந்தப் படத்துல பெரிய விஷயமே அடிதடி முடிஞ்சப்புறம் வர்ற காட்சிங்கதான். வில்லனோட போக்கர் சீட்டாட்டம் ஆடப் போன மாண்டினெக்ரோ ஹோட்டல் மாடிப்படில ஒருத்தனை கழுத்த நெரிச்சு கொல்றான். பழைய பாண்டா இருந்தா டைய சரி பண்ணிட்டு ஒரு பஞ்ச் அடிச்சிட்டு நகந்திருப்பான். இங்க ரூமுக்குப் போய் ரத்தச் சட்டைய கழட்டி, காயத்த கழுவி, விஸ்கிய ஒரே மடக்குல குடிச்சிட்டு, கண்ணாடில தன்னையே முறைச்சுப் பாக்குறான். அப்புறம் வேற சட்டை மாட்டிட்டு சீட்டாட்ட மேசைக்கு திரும்பிப் போறான், எதுவுமே நடக்காத மாதிரி முகம். கொஞ்ச நேரம் கழிச்சு அவன் காதலிக்கப் போற வெஸ்பர் (எவா க்ரீன், என்னா நடிப்புங்க) ஷவர் கீழ போட்ட கவுனோட அப்படியே உக்காந்திருக்கா, கையில ரத்தம் போகலங்கிறா. இவனும் சட்டையோட பக்கத்துல போய் உக்காந்துடுறான். அந்த சீன்ல அவ உள்ளாடையோட இருக்கிற மாதிரிதான் முதல்ல எழுதியிருந்தாங்களாம், இந்த அதிர்ச்சில இருக்கிறவ ட்ரெஸ்ஸ கழட்டிட்டா உக்காருவான்னு க்ரெய்க்தான் மாத்தச் சொன்னாருன்னு படிச்சிருக்கேன். அந்த ஒரு மாத்தத்துல நாப்பது வருஷப் பழக்கம் உடையுது.

வழக்கமா வர்ற, கருவிகள் செஞ்சு குடுக்கிற க்யூ கிடையாது, செக்ரட்டரி மணிபென்னி கிடையாது. மார்ட்டினிய குலுக்கவா கலக்கவான்னு கேட்டா, அதப்பத்தி கவலப்படுற மூஞ்சியா இதுன்னு எரிஞ்சு விழுறான். இசையமைப்பாளர் டேவிட் ஆர்னால்ட் அந்த பிரபலமான தீம் மியூசிக்க முழுசா தராம படம் பூரா இழுத்தடிச்சு, கடைசில ஏரிக்கரை வீட்டு வாசல்ல துப்பாக்கியோட நின்னு பேரச் சொல்ற அந்த நொடிலதான் அவிழ்த்து விடுறாரு. சம்பாதிச்சாதான் தருவேங்கிற மாதிரி.

குறையே இல்லாத படமும் இல்ல. அந்தக் கடைசி போக்கர் ஆட்டத்துல, வர்றதே அபூர்வமான சீட்டா ஒருத்தன் ஃப்ளஷ், ரெண்டு பேர் ஃபுல் ஹவுஸ், நம்மாளு ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ், ஒரே கையில! நம்ம ஊரு மாஸ் படத்துல இப்படி வெச்சிருந்தா கழுவி ஊத்தியிருப்போம். ரயில்ல "ரோலெக்ஸா?"ன்னு கேட்டு "ஒமேகா"ன்னு பதில் வர்றதெல்லாம் பச்சையா விளம்பரம். பாண்ட் தகவலுக்காக மயக்கின சொலாஞ்ச் செத்துக் கெடக்கும்போது பாண்டும் கண்டுக்கல, படமும் கண்டுக்கல, அது பழைய புத்தி.

அடுத்தடுத்த படங்கள்ல இந்தத் தயாரிப்பாளருங்க பண்ணதுதான் எனக்கு தாங்கல. வெஸ்பர் காட்டிக்குடுத்தா, வெனிஸ்ல முங்குற வீட்டு லிஃப்ட்ல தன்னத்தானே பூட்டிக்கிட்டு செத்தா. அந்த வலி அவங்க ரெண்டு பேருக்குள்ள நடந்த விஷயம், அதனாலதான் அது நம்மள அடிச்சுது. 2015ல ஸ்பெக்டர் வந்து, பழைய பாண்ட் வில்லன் ப்ளோஃபெல்டு பாண்டோட வளர்ப்பு அண்ணன் மாதிரியாம், அன்னைலேர்ந்து நடந்த எல்லாத்துக்கும் பின்னாடி அவன்தானாம், மெகா சீரியல் மாதிரி முடிச்சுப் போட்டு வெச்சாங்க. ஒரு மனுஷன் காதலிச்சு ஏமாந்தான்ங்கிறத உலக சதி ஆக்கிட்டா அதுல என்ன மிச்சம் இருக்கு? அதுக்கு முன்னாடி வந்த ஸ்கைஃபால் நல்ல படம், ஒத்துக்கிறேன். ஆனா சின்ன வயசு சோகத்த தோண்டுற வியாதி அங்கதான் தொடங்குச்சு. 2021ல நோ டைம் டு டைல பாண்டையே கொன்னுட்டாங்க. அதுல எனக்குப் புடிச்சதே அவன் இத்தாலி மட்டேரால வெஸ்பர் கல்லறைக்குப் போற அந்த சில நிமிஷந்தான், அதையும் குண்டு வெச்சு கெடுத்தாங்க.

2025ல கதை கட்டுப்பாடு மொத்தமும் அமேசான் கைக்குப் போயிடுச்சு, டெனி வில்நோவ் இயக்கம், பீக்கி ப்ளைண்டர்ஸ் உருவாக்கின ஸ்டீவன் நைட் எழுத்து. ரெண்டு பேருமே பெரிய ஆளுங்கதான், ஆனா வில்நோவுக்கு பிரம்மாண்டம்னா கை துறுதுறுக்கும், அமேசானுக்கு யுனிவர்ஸ், ஸ்பின் ஆஃப்னு ஆசை இல்லாமலா இருக்கும். ஃப்ளெமிங்கோட மூன்ரேக்கர்னு ஒரு பாண்ட் நாவல் இருக்கு, ஒரு சீட்டாட்டம், ஒரு ஏவுகணை, இங்கிலாந்த விட்டு நகராத கதை, 1979ல அத விண்வெளிக்கு அனுப்பி நாசம் பண்ணாங்க, அத எடுத்துப் படிச்சுப் பாக்கச் சொல்லுங்கப்பா யாராச்சும் அவங்க கிட்ட.