சோயாக்காரன் போடற அரை பர்சன்ட்டும் நம்ம தேங்காயும்

தேங்காய் எண்ணெய் ஊத்துனா ஹார்ட் அடைச்சுக்கும்னு எத்தனை வருஷமா வீட்டுக்கு வீடு பேசிட்டு இருக்கோம். கொழுப்பு பத்தி ஆராய்ச்சி அதுக்கு முன்னாடியே நடந்துச்சு, அதை இல்லைன்னு சொல்ல வரல. ஆனா 1980கள்ல அமெரிக்காவுல அந்தப் பேச்சை பெருசாக்குனதுல அமெரிக்கன் சோயாபீன் அசோசியேஷனுக்கு நல்ல பங்கு இருக்கு. அது கம்பெனி இல்லீங்க, சோயா போடற விவசாயிங்களோட சங்கம். பாமாயில், தேங்காய் எண்ணெய் எல்லாத்தையும் ஒரே கூடையில போட்டு இது ஆகாத கொழுப்பு, பாக்கெட்ல எழுதிப் போடுன்னு கெளப்பி விட்டாங்க. பிஸ்கட் கம்பெனிக்காரன் பயந்து எண்ணெயை மாத்துனான். இதுல காமெடி என்னன்னா, மாறிப் போன இடத்துக்கு வந்தது பெரும்பாலும் ஹைட்ரஜன் ஏத்துன சோயா எண்ணெய், அதுல ட்ரான்ஸ் ஃபேட்னு ஹார்ட்டுக்கு ஆகாத கொழுப்பு. அதை பாதுகாப்பானதுன்னு ஏத்துக்க முடியாதுன்னு அமெரிக்க அரசே 2015-ல சொல்லிருச்சு.

சரி, அவங்க மேல கோவப்பட்டு என்ன ஆகப்போகுது. அவங்க ஒண்ணா நின்னாங்க, நாம நிக்கல, அவ்ளோதான் மேட்டர்.

அங்க 1991-ல இருந்து நாடு முழுக்க ஒரு ஏற்பாடு ஓடுது, செக்ஆஃப்னு சொல்வாங்க. சோயா விக்கறப்போ விலையில அரை பர்சன்ட்டை வாங்கறவனே புடிச்சு கட்டிரணும். நூறு டாலருக்கு வித்தா அம்பது சென்ட். அதுல பாதி அந்தந்த மாநிலத்துக்கு, மீதி யுனைடெட் சோயாபீன் போர்டுக்கு. போர்டு மெம்பர்களை நியமிக்கறது விவசாய அமைச்சர், ஆனா உக்கார்றவங்க சோயா விவசாயிங்க. அந்தக் காசை எடுத்து சட்டம் மாத்தச் சொல்லி லாபி பண்ணக்கூடாது, ஆராய்ச்சி, மார்க்கெட், எக்ஸ்போர்ட்னுதான் செலவு பண்ணணும். ட்ரான்ஸ் ஃபேட்ல பேர் கெட்டப்போ அழுதுட்டு உக்காரல பாருங்க, ஹைட்ரஜன் ஏத்தாமலே தாங்கற மாதிரி ஹை ஒலியிக் சோயா ரகத்தை வளர்க்கறதுக்கும் அதை விவசாயிகிட்டயும் எண்ணெய் கம்பெனிகிட்டயும் கொண்டு போறதுக்கும் இதே அரை பர்சன்ட் காசுல இருந்துதான் போட்டாங்க.

இப்ப நம்ம பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் வாங்க. 2016-ல சுருள் வெள்ளை ஈ வந்துச்சு, ஓலைக்கு அடியில வட்ட வட்டமா மாவு அப்புன மாதிரி முட்டை, மேல் ஓலை பூரா கரி பூசுன மாதிரி கருப்பு. அது போதாதுன்னு கேரளா வாடல் நோய், மட்டை தளர்ந்து மரம் கொஞ்சங் கொஞ்சமா ஓஞ்சு போறதைப் பாத்துட்டே இருக்க வேண்டியதுதான். நாம என்ன பண்ணோம்? மனு குடுத்தோம். ஆர்ப்பாட்டம் பண்ணோம். ஆழியாறுல ஆராய்ச்சி நிலையம் இருக்கு, காசர்கோட்டுல பெரிய நிலையமே இருக்கு, ஆளுங்க நல்லவங்கதான், ஆனா எதை மொதல்ல பாக்கணும்னு சொல்ற இடத்துல நம்ம காசும் இல்ல, நம்ம வாயும் இல்ல.

நாமளும் சோயாக்காரன் மாதிரி அரை பர்சன்ட் போடலாம்னா, காசு எங்க இருக்குன்னு கேக்கறாங்க. ஏனுங்க, வியாபாரிக்கு லாபக்காய் குடுக்கறோமே, அது யார் காசு? காயை எண்ணி முடிச்சதும் மேல இத்தனை எடுத்துப் போடுன்னு அவன் சொல்றான், நாமளும் வாயைத் தொறக்காம எடுத்துப் போடறோம். காய் இருவது ரூவான்னு வெச்சுக்குங்க, அரை பர்சன்ட் பத்து பைசா. ஆயிரம் காய்க்கு நூறு ரூவா, அதாவது அஞ்சு காய். லாபக்காயைவிட இது பெருசான்னு அவங்கவங்க களத்துல கணக்கு போட்டுப் பாத்துக்கட்டும்.

நம்மாளுங்களுக்கு இதெல்லாம் ஆகாதுன்னும் சொல்ல முடியாது. நாமக்கல்லுக்குப் போய் பாருங்க. 1982-ல பி.வி.ராவ் முன்னாடி நின்னு கோழிப்பண்ணைக்காரங்களைச் சேர்த்து முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஆரம்பிச்சாங்க, தூர்தர்ஷன் காலத்து அந்த முட்டை விளம்பரம் இன்னும் ஜனங்க வாய்ல இருக்கு. விலையையும் அவங்களே அறிவிக்கறாங்க. அறிவிச்ச விலையில மைனஸ்னு கொஞ்சம் கழிச்சுத்தான் வியாபாரி எடுக்கறான்னு பண்ணைக்காரங்க பொலம்பறதும் இருக்கு, சட்ட பலம் இல்லாத ஏற்பாட்டுல அந்த ஓட்டை இருக்கத்தான் செய்யும்.

சட்டம் போட்டு வசூல் பண்ணா எல்லாம் சரியாயிருமான்னா அதுவும் இல்ல, எனக்கு பயமே அங்கதான். அமெரிக்காவுல பன்னி வளர்க்கறவங்க கிட்ட இதே மாதிரி புடிச்சுட்டு இருந்தாங்க. இந்தக் காசு பெரிய கம்பெனிக்குத்தான் ஒதவுது, நாங்க சின்னப் பண்ணைக்காரங்க ஒழிஞ்சுட்டு இருக்கோம்னு சண்டை வந்து 2000-ல ஓட்டெடுப்பு வெச்சா 53 பர்சன்ட் வேண்டாம்னு போட்டாங்க. அமைச்சரும் நிறுத்தறேன்னாரு. 2001-ல ஆட்சி மாறுச்சு, புது அமைச்சர் வந்து கோர்ட்ல சமரசம் பண்ணி திட்டத்தை ஓட விட்டுட்டாங்க, இன்னிக்கும் ஓடுது. மாட்டுக்காரங்க கேஸ் போட்டாங்க, 2005-ல சுப்ரீம் கோர்ட் இது அரசாங்கத்தோட பேச்சு, அதனால புடிக்கலாம்னு சொல்லிருச்சு. விவசாயி காசு, பேசறது அரசாங்கம்!

நம்ம பக்கமே ரப்பர் இருக்கு. கிலோவுக்கு ரெண்டு ரூவா செஸ்னு ஒரு வரி, கட்டுனது டயர் கம்பெனி மாதிரி ஆளுங்கன்னாலும் வசூல் பூரா டெல்லி கைக்குப் போச்சு. 2017-ல ஜிஎஸ்டி வந்தப்போ ஒரே சட்டத்துல அதைத் தூக்கிட்டாங்க. கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துல ரப்பர் மரம் சீவறவரை யாராவது ஓட்டுப் போடக் கூப்பிட்டாங்களா?

அதனால என் கருத்து இதுதான். தேங்காய்க்கு பத்து பைசா புடிக்கட்டும், ஆனா மொதல்ல விவசாயிங்களே சேர்ந்து நடத்தற உற்பத்தியாளர் கம்பெனிகள் வழியா இஷ்டப்பட்டவங்ககிட்ட மட்டும் ஆரம்பிக்கட்டும். வேண்டாம்னு நெனைக்கறவன் ரெண்டு வருஷம் வரைக்கும் திருப்பி வாங்கிக்கலாம்னு இருக்கணும், சோயாக்காரங்களும் ஆரம்பத்துல ரீஃபண்ட் குடுத்தவங்கதான். அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா ஓட்டு, அதை யாரும் கேன்சல் பண்ண முடியாதபடி விதியிலயே எழுதிரணும். போர்டுல வியாபாரிக்கோ கட்சிக்காரனுக்கோ சீட் கெடையாது. மொத வருஷ காசு பூரா வாடல் நோய் தாங்கற நாத்துக்குத்தான், விளம்பரத்துக்கு ஒத்தப் பைசா கூடாது. கொப்பரை கெடைக்கற அளவுக்கு மரம் நின்னாதானே எண்ணெய்க்கு விளம்பரம்.