கதவு எண் 61

சென்னையில் கால்வாய்க் கரைக் குடிசைகளை இடித்து மக்களை வெளியேற்றுவதைப் பற்றிப் போன வாரம் நான் போட்ட பதிவின் கீழே என் பள்ளித் தோழன் ஒருவன் எழுதியிருந்தான்: "ஆக்கிரமிப்புதானே, எடுக்கத்தானே செய்வார்கள்? சும்மாவா விரட்டுகிறார்கள், ஃபிளாட் கொடுத்துத்தானே அனுப்புகிறார்கள்? நாங்களெல்லாம் இருபது வருடம் இ.எம்.ஐ. கட்டிச் சாகிறோம்." ஐம்பது பேருக்கு மேல் அதற்கு விருப்பக்குறி போட்டிருந்தார்கள். அதில் பாதிப் பேர் எனக்கு வேண்டியவர்கள். முதலில் கோபமாக ஒரு பதில் எழுதி அழித்துவிட்டேன். இது இரண்டாவது பதில். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இ.எம்.ஐ. விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். நண்பா, உன் கோபம் நியாயமானது, ஆள்தான் மாறிவிட்டது. வேளச்சேரியில் வீடு தேடிக் கால் ஓய்ந்து, கடைசியில் கூடுவாஞ்சேரியையும் தாண்டிப் போய் வாங்கினாய். தினமும் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிறாய். உன்னை அவ்வளவு தூரம் தள்ளியது கால்வாய்க் கரையில் தகரக் கூரை போட்டுக்கொண்டவளா? ஊருக்குள் ஒரு கிரவுண்டு என்ன விலை போகிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த விலைதான் உன்னைத் தள்ளியது, அதுதான் அவர்களையும் தள்ளுகிறது. உனக்குக் கடனாவது கிடைத்தது, எந்த ஊர், எந்த மாடி என்று நீயே பார்த்துத் தேர்ந்தெடுத்தாய். அவர்களுக்கு வாசலில் லாரி வந்து நின்றது.

நான் வளர்ந்தது மந்தைவெளிப் பக்கம், குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்றில். பலருக்குத் தெரியும், சிலருக்கு இப்போதுதான் தெரியும். 1970இல் அந்த வாரியம் தொடங்கியபோது, 'ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்' என்ற அண்ணாவின் வாசகம்தான் அதன் முழக்கம். அப்போது கட்டிய குடியிருப்புகளில் பெரும்பாலானவை குடிசைகள் இருந்த இடத்திலேயோ அதற்குப் பக்கத்திலேயோ எழுந்தவை. சுவர் ஒழுகியது, கழிவறைக்கு வரிசையில் நின்றோம், எல்லாம் உண்மை. ஆனால் அப்பா மீன்பாடி வண்டியைக் கீழே நிறுத்திவிட்டு மேலே வந்து தூங்குவார். அம்மா வேலை செய்த மூன்று வீடுகளும் பத்து நிமிட நடையில் இருந்தன. நான் நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன். சாயங்காலம் நூலகம், அதற்குப் பிறகு ஒரு ஆசிரியர் வீட்டில் காசு வாங்காத டியூஷன். நான் படித்து ஆளானதற்குக் கால் பங்கு காரணம் என் மூளை என்றால், முக்கால் பங்கு எங்கள் முகவரி.

2000க்குப் பிறகு வாரியம் வீடு கட்டிய இடங்களைப் பாருங்கள். கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். எல்லாம் ஊரின் தெற்கு ஓரத்தில். பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், எட்டு மாடிக் கட்டடங்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, "உங்களைத் தண்ணீரிலிருந்து காப்பாற்றுகிறோம்" என்று சொல்லி அடையாற்றுக் கரையிலிருந்தும் கூவக் கரையிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய் விட்டார்கள். எங்கே? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில். நல்ல மழை பெய்தால் செம்மஞ்சேரித் தெருக்கள் தொலைக்காட்சியில் வரும், பார்த்திருப்பீர்கள்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றானது பெரிய உதவி, மறுக்கவில்லை. காசு மிச்சமாகிறது, நேரம் மிச்சமாகவில்லை. எங்கள் பழைய குடியிருப்பிலிருந்து தம்பி குடும்பத்தோடு பெரும்பாக்கம் போன ஒரு அத்தை, காலை நான்கரைக்கு எழுந்து மயிலாப்பூர் வந்து பாத்திரம் தேய்த்தார். ஐந்து மாதம் தாக்குப் பிடித்தார். ஒரு வீட்டில், "ஆறரைக்கெல்லாம் வருகிற மாதிரி பக்கத்திலேயே ஆள் கிடைத்துவிட்டது" என்று சொல்லிவிட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வீட்டு வேலை, தள்ளுவண்டி இட்லி, மீன் விற்பது எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தால்தான் நிலைக்கிற பிழைப்பு. நானூறு சதுர அடி கொடுத்துவிட்டுப் பிழைப்பைப் பிடுங்கினால் அதற்கு இலவச வீடு என்று பெயரா?

'ஆக்கிரமிப்பு' என்ற சொல்லுக்கு வருகிறேன். பறக்கும் ரயிலில் மயிலாப்பூர் வழியாகப் போயிருக்கிறீர்கள் அல்லவா? ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு முறை கீழே பாருங்கள். பாதை தாங்கும் தூண்கள் எங்கே நிற்கின்றன? பக்கிங்ஹாம் கால்வாயில். கரையில்கூட இல்லை, கால்வாயிலேயே. அது வளர்ச்சித் திட்டம், கரையில் இருக்கும் ஓலைக் குடிசை நீரோட்டத்துக்கு இடையூறு. ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை, நானும் அதில்தான் போகிறேன்.

சட்டமும் இப்படித்தான் ஆளுக்கொரு கண் வைத்திருக்கிறது. 1971இல் வந்த குடிசைப் பகுதிகள் சட்டத்தின்படி ஒரு இடத்தைக் குடிசைப் பகுதி என்று அறிவித்துவிட்டால், அங்கிருப்பவர்களை உரிய அதிகாரியின் அனுமதியில்லாமல் வெளியேற்ற முடியாது. சென்னையில் அந்த ஆண்டு 1,202 பகுதிகள் கணக்கெடுக்கப்பட்டுப் பட்டியலில் ஏறின. 1985இல் இன்னும் 17 சேர்ந்தன. அதற்குப் பிறகு நகரம் எங்கெங்கோ வளர்ந்தும் பட்டியல் அநேகமாக அங்கேயே நின்றுவிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னைவாசிகளில் பத்தில் ஏறக்குறைய மூன்று பேர் குடிசைப் பகுதியில் இருந்தார்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சட்டத்தின் கதவு திறக்காது. 2024 நவம்பரில் புல்டோசர் இடிப்புகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது நாமெல்லாம் இங்கே கொண்டாடினோம், நானும் பகிர்ந்தேன். பதினைந்து நாள் நோட்டீஸ், இடிப்பதை வீடியோ எடுக்க வேண்டும், எல்லாம் சரி. ஆனால் சாலை, நடைபாதை, ரயில் பாதையோரம், ஆறு, நீர்நிலை ஆகிய இடங்களில் இருப்பவற்றுக்கு அந்த விதிகள் பொருந்தாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. சென்னை ஏழைகள் வேறு எங்கே இருக்கிறார்கள்?

போராட்டம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பொக்லைன் இயந்திரத்துக்கு முன்னால் படுத்துக்கொள்ளும் பெண்ணின் படம். அந்தப் படம் வரும்போது காரியம் பெரும்பாலும் கைமீறிப் போயிருக்கும். கடந்த இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு கால்வாய்க் கரைப் பகுதிக்குப் போய் வருகிறேன். பெயர் வேண்டாம், பெயர் வெளியே வந்தால் யாராவது கணக்குப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். அங்கே என் வேலை பேச்சு கிடையாது. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது, மனு எழுதுவது, ஆன்லைனில் ஏற்றுவது. அங்கே எல்லாவற்றையும் நடத்துவது ஒரு அக்கா. பூ கட்டி விற்பவர், எட்டாம் வகுப்புவரை படித்தவர். பெண்ணுரிமை இயக்கம் மாதிரியான அமைப்புகள் பல ஆண்டுகளாகக் குடிசைப் பகுதிப் பெண்களை வைத்துச் செய்துவரும் வேலையின் வாசனை அவரிடம் உண்டு, ஆனால் எந்த அமைப்பின் அட்டையும் அவர் கையில் இல்லை. ஒரு இருநூறு பக்க நோட்டு இருக்கிறது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும். வீட்டுக்கு ஒரு வரி. கதவு எண், பெயர், எத்தனை உருப்படி, எந்த வருடம் வந்தார்கள், கையில் என்ன தாள் இருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை, யாருக்கு எங்கே வேலை. வேலை செய்யும் இடத்துக்கு எவ்வளவு தூரம் என்று தனியாக ஒரு கட்டம் போட்டு, "பெரும்பாக்கம் என்று சொன்னால் இதைத்தான் காட்ட வேண்டும்" என்றார். நான் அதுவரை தின்ற புத்தகங்களில் ஒன்றுகூட எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

வீடுகளை எடுப்பதற்கு முன்னால் அதிகாரிகளின் கணக்கெடுப்பு எப்படி நடக்கும் தெரியுமா? ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு வருவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருப்பார்கள்? பூட்டிய வீட்டுக்குப் பெயர் ஏறாது, பெயர் ஏறாத வீட்டுக்கு டோக்கன் கிடையாது, டோக்கன் இல்லாதவருக்கு ஒதுக்கீட்டு ஆணை கிடையாது. இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு பகுதியில் அப்படித்தான் முப்பது குடும்பங்கள் விடுபட்டுப் போயின. அதைப் பார்த்த பிறகு அக்கா ஒரு ஏற்பாடு செய்தார். வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய். யாராவது டேப்போடு வந்து அளக்கிறார்கள் என்று தெரிந்தால், சந்துக்கு ஒருவர் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நிற்க வேண்டும். அவருடைய நாள் கூலி அந்த இருபது ரூபாய்ப் பணத்திலிருந்து போகும். கூலியைக் கொடுக்காமல் "போராட வா" என்று கூப்பிடக் கூடாது என்பது அவருடைய கட்டளை. எங்களைப் போன்ற மாதச் சம்பளக்காரர்கள் இதை யோசித்தே இருக்க மாட்டோம்.

ஒரு நாள் பெரிய சண்டை. வாடகைக்கு இருப்பவர்களின் பெயரை நோட்டில் சேர்ப்பதா வேண்டாமா என்று அம்மன் கோயில் முன்னால் கூட்டம். மூன்று குடிசைகளை வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவர் எழுந்து, "நாற்பது வருடத்துக்கு முன்னால் சேற்றை அள்ளிக் கொட்டி மனையாக்கியது என் அப்பா. நேற்று வந்தவனுக்கு வீடு போனால் எனக்கு என்ன?" என்று கத்தினார். கேட்க அசிங்கமாக இருந்தாலும் அவர் சொன்னதிலும் ஒரு உண்மை இருந்தது. இன்னொரு பக்கம் எட்டு வருடமாக வாடகை கொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், கைக்குழந்தையோடு, ஒன்றும் பேசாமல் நின்றார். அக்கா ரொம்ப நேரம் பூ கட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "கணக்கெடுக்க வருகிறவன் உன்னிடமும் கேட்பான், அவளிடமும் கேட்பான். இரண்டு பேரும் இரண்டு பதில் சொன்னால், இரண்டு பேர் பெயரையும் அடித்துவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு வேலை மிச்சம்." வாடகைக்கு விட்டிருந்தவர் வெளிநடப்புச் செய்தார். வட்டச் செயலாளரிடம் போய்ப் பார்த்தார், வேலைக்காகவில்லை. மூன்றாவது ஞாயிறு திரும்பி வந்து, ஒரே வரியில் இரண்டு பெயர் எழுதச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். இந்தச் சமரசம் சட்டப்படி நிற்குமா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனால் அந்தச் சந்தில் இப்போது ஒருவரை ஒருவர் காட்டிக் கொடுக்க மாட்டார்கள்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நடந்தது நினைவிருக்கும். நீதிமன்ற உத்தரவின் பேரில் பக்கிங்ஹாம் கால்வாயோரம் இருந்த வீடுகளை இடித்துக்கொண்டிருந்தபோது, அங்கே வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் சட்டமன்றத்தில் முதலமைச்சர் பேசினார், மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியிலேயே வீடு தருவதாக அறிவிப்பும் வந்தது. அந்த மக்கள் அத்தனை காலமாகக் கேட்டதும் பக்கத்திலேயே இடம் வேண்டும் என்பதைத்தான். மனுவாகக் கேட்டபோது கிடைக்காத பதில் ஒரு உயிர் போன பிறகு கிடைத்தது. இடிப்புகளை எதிர்க்கும் எங்கள் தரப்பில் சிலர் அதை 'வெற்றி' என்று எழுதினார்கள். எனக்கு உடம்பு எரிந்தது.

எங்கள் தரப்பைப் பற்றி இன்னொன்று. இடிக்கிற அன்றைக்குக் கேமராவோடு போகிறோம், ஹேஷ்டேக் போடுகிறோம், மறுநாள் வேறு செய்திக்குப் போய்விடுகிறோம். 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில், கூவக் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரிலிருந்து குடும்பங்களை அள்ளிப் போனபோது அந்தப் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழுக்கு அலைந்தவர்கள் எத்தனை பேர்? சிலர் அலைந்தார்கள், அவர்கள் பெயர் எந்தச் செய்தியிலும் வரவில்லை. 2021இல் புளியந்தோப்பு கே.பி. பூங்காக் குடியிருப்பில் கையால் தொட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததே, அது ஊருக்கெல்லாம் தெரிந்தது குடிவந்தவர்கள் வாய் திறந்ததால்தான். புது வீடு கிடைத்துவிட்டது, வாயை மூடிக்கொள்வோம் என்று அவர்கள் இருந்திருந்தால் வல்லுநர் குழுவும் வந்திருக்காது, ஆய்வும் நடந்திருக்காது.

ஆகவே நண்பா, "என்ன செய்யலாம்" என்று நீ தனிச்செய்தியில் கேட்டதற்கும் இங்கேயே பதில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வா. பேச்செல்லாம் வேண்டாம். உன் ஆபீஸில் ஸ்கேனர் இருக்கிறது, உனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி என்று அங்கே யாரும் உன்னைக் கேட்க மாட்டார்கள். சாப்பிட்டாயா என்று கேட்பார்கள்.

போன ஞாயிறு கதவு எண் 61இல் இருக்கும் தாத்தாவின் வரி முடியாமல் நின்றது. ரேஷன் அட்டை எப்போதோ வெள்ளத்தில் போய்விட்டது, புது அட்டை மகளின் முகவரியில். மின்இணைப்பு பக்கத்து வீட்டுக்காரர் பெயரில். பாலிதீன் உறையை மூன்று முறை கவிழ்த்துத் தேடியதில் ஒரு கல்யாணப் பத்திரிகை விழுந்தது. 1993, ஆவணி மாதம், அவர் மகளுடைய திருமணம். மஞ்சள் தடவிய ஓரம் பழுப்பேறிப் போயிருந்தது. கீழே 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற வரிக்கு அடியில் அவர் பெயர், அதற்குக் கீழே இதே கரை, இதே கதவு எண். இதை ஏற்கெனவே ஒரு அலுவலகத்துக்குக் கொண்டுபோனாராம். "இதெல்லாம் ஒரு ஆதாரமா?" என்று சிரித்தார்களாம்.

அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார். "அச்சடித்த அச்சகத்தின் பெயரும் இருக்கிறது, அந்த அச்சகம் இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, நோட்டில் 61க்கு நேராக எழுதினார்: கல்யாணப் பத்திரிகை, 1993. அச்சகத்தைத் தேடி நாளைக்குப் போகிறேன்.