செம்புலப் புயல் நீர்

கோத்தகிரியில் பதினெட்டு வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, பிளெக்ஸ் பேனர் எல்லாம் செய்கிறோம். கார்டு சிவகாசியிலிருந்து வரும், மேட்டர் நாங்கள் அடித்துக் கொடுப்போம். கவிதையைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். இந்த மலையில் என் அளவுக்குக் குறுந்தொகையை டைப் அடித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். நானூற்றுச் சொச்சம் பாட்டில் ஒரே ஒரு பாட்டுதான், ஆனால் நூற்றுக்கணக்கான தடவை.

எந்தப் பாட்டு என்று உங்களுக்கே தெரியும். ‘யாயும் ஞாயும் யாராகியரோ’ என்று தொடங்கி, ‘செம்புலப் பெயல் நீர் போல’ என்று போகுமே, அதுதான்.

போன ஐப்பசியில் அதில் ஒரு தப்பு நடந்துவிட்டது. கடைப் பையன் ‘பெயல்’ என்பதைப் ‘புயல்’ என்று அடித்திருந்தான். அந்த வாரம் முழுக்க டிவியில் புயல் சின்னம்தான் ஓடியது, கை அப்படிப் போய்விட்டது. ப்ரூஃப் பார்த்தது நான். எனக்கும் தெரியவில்லை. முந்நூறு கார்டு அடித்து முடித்து, கட்டி வைத்தாகிவிட்டது. வாங்க வந்தது கல்யாணப் பெண்ணே. வெளியே கொட்டுகிற மழை. கடை வாசல் படியில் மேட்டு மண் கரைந்து செம்மண் தண்ணீர் டீ மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கூட வந்த பையன் உள்ளே வராமல் ஷட்டருக்குக் கீழே குடையோடு நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு கார்டை உருவிப் படித்தவள் சிரித்துவிட்டாள். “அண்ணா, செம்புலப் புயல் நீராம். பெயல்ணா. பெயல்னா மழை.”

மாற்றி அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. “இது கல்யாண வாழ்த்துன்னு நெனச்சா அடிக்கிறீங்க? அந்தப் பொண்ணு பயந்து போயிருக்காண்ணா. இவன் நம்மள விட்டுட்டுப் போயிடுவானோன்னு. அத மொகத்துல பாத்துட்டுதான் அவன் இதச் சொல்றான்.” கல்லூரியில் தமிழ் படித்தவளாம். இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். குறுந்தொகை 40. பாட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கிறது: ‘பிரிவர்’ எனக் கருதி அஞ்சிய தலைமகள் குறிப்பு வேறுபாடு கண்டு தலைமகன் கூறியது. இத்தனை வருடம் அடித்தும் நான் அந்தப் பொடி எழுத்தைப் படித்ததே இல்லை.

படித்த பிறகு பாட்டே வேறு குரலில் கேட்கிறது. இருப்பது ஐந்தே வரி. அதில் முதல் மூன்று வரியும் கேள்வி. என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவு? நானும் நீயும் ஒருவரை ஒருவர் எப்படி அறிந்தோம்? மைக் பிடித்துக் கேட்கிற கேள்விகளா இவை? அவள் மனசுக்குள் ஓடுகிற பயத்தை ஒவ்வொன்றாக அவனே எடுத்துச் சொல்லிவிடுகிறான். நமக்குள் சொந்தமில்லை, பழக்கமில்லை, பிடித்து வைக்க ஊரில் யாருமில்லை, ஆமாம். அதற்கப்புறம்தான் செம்மண்ணில் விழுந்த மழை வருகிறது. கலந்தாயிற்று, இனி பிரிக்க முடியாது என்கிறான். காதோரம் குனிந்து சொல்கிற பேச்சு இது.

நாம் இதை எங்கே போடுகிறோம் பாருங்கள். இன்னாரின் பேரனும், இன்னாரின் மகனுமாகிய என்று இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி வரைக்கும் எழுதி, தாய்மாமன் பட்டியலும் போட்டு, நடுவில் ‘எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்’. சொந்த அத்தை மகனைக் கட்டுகிற பெண்ணின் கார்டில்கூட இதை அடித்திருக்கிறேன். எம்முறைக் கேளிராம்! கார்டிலேயே இருக்கிறதே முறை.

சரி, கார்டைக் கிண்டல் செய்வதற்கு இதை எழுதவில்லை, எனக்கு அதில்தான் சோறு. நான் சொல்ல வந்தது, கவிதை என்றால் உடனே ‘மையக்கருத்து என்ன’ என்று கேட்டுப் பழகிவிட்டோம் என்பதைத்தான். பத்தாம் வகுப்பு நோட்ஸ் அடிக்க வருகிறவர்களின் மேட்டரைப் பாருங்கள். மையக்கருத்து: காதல். மையக்கருத்து: நாட்டுப்பற்று. மையக்கருத்து: இயற்கை. காதல் என்ற மூன்று எழுத்துக்குள் பயம், கெஞ்சல், வீம்பு, கோபம் எல்லாவற்றையும் அடைத்து மூடியாகிவிட்டது. தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது வெளியே தெரிகிற உணர்ச்சி, எட்டு என்று கணக்குப் போட்டிருக்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அந்த எட்டில் எது என்று பார்க்க வேண்டுமானால், யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார் என்பதை முதலில் பிடிக்க வேண்டும்.

அந்தப் பொடி எழுத்தும் வேதவாக்கு இல்லை. அதைப் புலவரே எழுதியதாகச் சொல்வதில்லை, பின்னால் வந்தவர்கள் எழுதியது என்பார்கள். இந்தப் பாட்டை எழுதியவரின் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை, உவமையையே பெயராக்கிச் செம்புலப் பெயனீரார் என்று கூப்பிடுகிறோம். ஆக, துறைக்குறிப்பு என்கிற அந்தப் பொடி எழுத்தும் ஒரு பழைய வாசகரின் கருத்துதான். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

ஒரு ஜாக்கிரதையும் வேண்டும். இந்த ஊர்க்காரனுக்குச் செம்மண்ணில் மழை என்றாலே வேறு ஞாபகம். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் சரிந்த மண்ணை நேரில் பார்த்தவன் நான். மழை மண்ணோடு கலந்தால் மலையே இறங்கி வரும் என்று எனக்குத் தெரியும். அதை வைத்து, இந்தப் பாட்டில் அழிவின் எச்சரிக்கை இருக்கிறது என்று நான் எழுதினால் பத்துப் பேர் ‘அருமை’ போடுவார்கள். பாட்டில் அது இல்லை. அவளுடைய அச்சம் இருக்கிறது, என்னுடையதுக்கு அங்கே இடமில்லை. குறிஞ்சி விஷயத்திலும் இதே கதைதான். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது ஒரு விடுதிக்காரர் குறுந்தொகையின் மூன்றாவது பாட்டைப் பேனராகக் கேட்டார். ‘நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று’ என்று தொடங்குமே, அது. பன்னிரண்டு வருடம் காத்திருந்து பூக்கும் காதல் என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்துக் கொடுத்தேன். ஆனால் பாட்டில் பன்னிரண்டும் இல்லை, காத்திருப்பும் இல்லை. கரிய தண்டுள்ள குறிஞ்சியின் பூவிலிருந்து பெரிய தேனடை இழைக்கிற மலைநாட்டுக்காரன், அவ்வளவுதான் இருக்கிறது. பாறையில் தொங்கும் மலைத்தேனடையைப் பார்த்தவர்களுக்கு அந்த ‘இழைக்கும்’ என்ற சொல்லே போதும்.

அந்தப் பாட்டின் தொனியும் நாம் நினைப்பது போல வெறும் பெருமை அல்ல. தோழி அவனைத் திட்டுகிறாள், அதற்குப் பதிலாகத்தான் தலைவி இவ்வளவு பெரிதாகச் சொல்கிறாள். அதைவிட முக்கியம், அவன் சிறைப்புறத்தில், அதாவது வேலிக்கு அந்தப் பக்கம், கேட்டுக்கொண்டு நிற்கிறான். சீக்கிரம் வந்து கட்டிக்கொள் என்பது அவன் காதில் விழ வேண்டும். பேச்சு தோழியிடம், குறி அவன்மேல்.

புதுக்கவிதைக்கு இந்தப் பொடி எழுத்து கிடையாது, நாமேதான் தேட வேண்டும். ஒரு விழாவுக்கு மேடை பேனர் கேட்டு வந்தார்கள். ‘எனக்கும் தமிழ்தான் மூச்சு’ என்று பெரிதாக வேண்டும் என்றார்கள். ஞானக்கூத்தனின் வரி. முழுசாகப் படித்தால்:

எனக்கும் தமிழ்தான் மூச்சு
ஆனால்
பிறர்மேல் அதை விட மாட்டேன்

மேடையில் மூச்சு விடுகிறவர்களைக் கிண்டல் செய்த கவிதை அந்த மேடைக்கே பேனராக வந்து நின்றது. ஞானக்கூத்தன் பார்த்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன். இதில் தொனியைக் காட்டிக்கொடுப்பது ஒரே ஓர் ‘உம்’தான். ‘எனக்கு’ என்று சொல்லவில்லை, ‘எனக்கும்’ என்கிறார். அப்படியென்றால் இதற்கு முன்னால் யாரோ ‘எங்களுக்குத் தமிழே மூச்சு’ என்று முழங்கி முடித்திருக்கிறார். இது அதற்குப் பதில். அந்த உம்மைத் தவறவிட்டால் கவிதை பேனராகிவிடும்.

பாரதியின் ‘தேடிச் சோறு நிதந்தின்று’ பிளெக்ஸ்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். பிறந்தநாள், தேர்தல், ஜிம் திறப்பு, எல்லாவற்றிலும் கையைக் கட்டி முறைக்கிற போட்டோவோடு ‘வீழ்வேனென்று நினைத்தாயோ’. எதிரியைப் பார்த்துச் சொல்வது போலத்தான் எல்லோரும் படிக்கிறோம். ‘யோக சித்தி’ என்ற பாட்டில் வருவது அது. அங்கே ‘நினைத்தாயோ’ என்று கேட்கப்படுவது பராசக்தி. அடுத்த அடியே ‘நின்னைச் சில வரங்கள் கேட்பேன்’ என்று போகிறது. அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு அவள் சேலைத் தலைப்பையே பிடித்துக்கொள்கிற பிள்ளையின் குரல். எனக்கு அந்தப் பாரதியைத்தான் அதிகம் பிடிக்கிறது. பிளெக்ஸில் அவரைப் போட முடியாது, அடுத்த வரிக்கு இடம் இருக்காது.

கவிதையை எழுதி விட்டாயிற்று, இனி படிப்பவர் பாடு என்று நண்பர் ஒருவர் சொல்வார். ஓரளவுக்குச் சரி. நானும் அந்தப் பாட்டைக் கார்டில் அடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் இப்போதெல்லாம் ஃபாண்டைக் கொஞ்சம் சின்னதாக வைக்கிறேன்.

அந்தப் பெண்ணின் முந்நூறு கார்டையும் இரண்டு நாளில் மாற்றி அடித்துக் கொடுத்தேன். வாங்கிப் போக வந்தது அந்தப் பையன் மட்டும்தான். ஒரு கார்டை எடுத்து, ‘பெயல்’ சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தான். சிறைப்புறம் என்ற சொல்லுக்குப் பொருள் தேடிப் படித்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் கடையில் அவ்வளவு சத்தமாக அவள் பேசியது எனக்காக இல்லை.