உரிச்சு வச்ச மாதிரி

போன மாதம் சொந்தத்தில் ஒரு முதல் வருஷ திதி. பெரியம்மாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன் முறை, பைக் விபத்தில் போனவர். ஐயர் கிளம்பிய பிறகு, இலை போடுவதற்கு முன்னால், பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். யூடியூபில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். அமெரிக்காவில் செத்துப்போன நாயின் தோலில் துளி எடுத்து அதே மாதிரி நாயை உண்டாக்கித் தருகிறார்களாம். "நாய்க்குப் பண்றவன் மனுசனுக்குப் பண்ண மாட்டானா தம்பி?"

நான் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விளக்க ஆரம்பித்தேன். ஒரு பெண்ணின் கருமுட்டையை எடுப்பார்கள், அதன் உட்கருவை உறிஞ்சி வெளியே போடுவார்கள், யாருடைய நகல் வேண்டுமோ அவர் உடம்பின் செல்லை அதனுடன் சேர்த்து லேசாக மின்சாரம் கொடுப்பார்கள், அது கருவாக வளர்ந்தால்... பாதியிலேயே மறித்தார்.

"முட்டை யாருது? சுமக்கறது யாரு?"

மனித குளோனிங், அதாவது இப்படி மனிதரை நகல் எடுப்பது பற்றி எத்தனையோ விவாதங்களைக் கேட்டிருக்கிறேன். கல்லூரிப் பேச்சுப்போட்டியில் நானே வாய்கிழியப் பேசியிருக்கிறேன். ஹிட்லரை நூறு பேராக்கினால் என்ன ஆகும், ஐன்ஸ்டைனை ஆயிரம் பேராக்கினால் என்ன ஆகும், ஆத்மா எத்தனை, சொத்தில் பங்கு உண்டா என்றெல்லாம். பெரியம்மா கேட்டதை யாரும் முதல் கேள்வியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. இப்போது யோசித்தால், அதுதான் முதல் கேள்வி.

வளர்ந்த ஆட்டின் செல்லிலிருந்து நகலாகப் பிறந்த டாலி ஆட்டுக்குட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1996 ஜூலை 5, ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வு நிலையம். 277 முட்டைகளில் செல்லைச் சேர்த்தார்கள். ஆட்டின் வயிற்றில் வைக்கும் அளவுக்குத் தேறிய கருக்கள் 29. சுமந்த ஆடுகள் 13. பிறந்தது ஒன்று. அந்த ஒன்றின் படம்தான் உலகத்தின் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

நாய்க்கு வருவோம். முதல் குளோன் நாய் 2005-ல் தென்கொரியாவில் பிறந்த ஸ்னப்பி. அதற்காக 1,095 கருக்களை 123 பெண் நாய்களின் வயிற்றில் வைத்தார்கள். பிறந்தவை இரண்டு. அதிலும் ஒன்று 22 நாளில் நிமோனியாவில் செத்துப்போனது. இன்றைக்கு டெக்சாஸில் ஒரு நிறுவனம் 50,000 டாலர் வாங்கிக்கொண்டு வீட்டு நாயை நகல் எடுத்துத் தருகிறது. பெரியம்மா பார்த்த வீடியோ அதைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

ஸ்னப்பியை உருவாக்கிய அதே ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவை குளோன் செய்து ஸ்டெம் செல் (உடம்பின் எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல்) எடுத்துவிட்டேன் என்று 2004-லும் 2005-லும் அறிவித்தவர். கொரியா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. பிறகு அத்தனையும் ஜோடித்த கணக்கு என்று தெரிந்து, 2006 ஜனவரியில் கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். பொய் பிடிபட்ட கதையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பொய்க்காகப் பெண்களிடமிருந்து எடுத்த முட்டைகள் 2,000-க்கும் மேல். சிலருக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். முட்டை கொடுத்தவர்களில் இருவர் அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்த இளம் பெண்கள். சம்பளம் கொடுக்கிற வாத்தியார் எதிரே நிற்கும்போது 'முடியாது' என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்?

முட்டை எடுப்பது ரத்த தானம் மாதிரி சுலபம் என்று நினைப்பவர்களுக்காக: பத்து நாளுக்கு மேல் தினமும் ஹார்மோன் ஊசி போட வேண்டும். பிறகு மயக்க மருந்து கொடுத்துச் சினைப்பைக்குள் ஊசியை விட்டு உறிஞ்சுவார்கள். சிலருக்கு வயிற்றில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிவரும். எங்கள் வீட்டிலேயே ஒரு பெண் சொந்தக் குழந்தைக்காக இதைச் செய்துகொண்டாள். அவள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு 'முட்டைதானே' என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தியச் சட்டமும் இதைப் புரிந்துகொண்டுதான் 2021-ல், ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கருமுட்டை தானம் செய்யலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது என்று வைத்தது. சட்டம் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. 2022-ல் ஈரோட்டில், 16 வயதுப் பெண்ணைப் போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பலமுறை முட்டை எடுத்து விற்ற வழக்கு வெளியே வந்தது. கைதானவர்களில் அந்தப் பெண்ணின் தாயும் ஒருவர். குளோனிங் எல்லாம் இல்லாமலேயே இந்த நிலை. நூற்றுக்கணக்கில் முட்டை கேட்கும் ஒரு தொழில் நாளை வந்தால், அந்த முட்டைகள் எந்த வீட்டுப் பெண்களிடமிருந்து வரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சரி, நன்மையே இல்லையா? இருக்கிறது. ஹரியானாவில் கர்னால் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையம் 2009-லேயே எருமைக் கன்றை குளோன் செய்துவிட்டது. முதல் கன்று சில நாளில் செத்தது, அடுத்தது இரண்டு வருஷம் இருந்து செத்தது, 2010-ல் பிறந்த இன்னொன்று பெரிதாகிக் கன்றும் போட்டது. நல்ல பால் மாட்டைப் பெருக்க இது உதவும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்னொன்று, குளோனிங்குக்கு நெருங்கிய உட்கரு மாற்றும் நுட்பம். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா என்ற பகுதியில் தாயிடமிருந்து வரும் நோயைத் தவிர்க்க, இங்கிலாந்து 2015-ல் சட்டம் போட்டு அதை அனுமதித்தது. அதிலும் இன்னொரு பெண்ணின் முட்டை தேவைதான். ஆனால் அங்கே யாரையும் நகல் எடுப்பதில்லை, பிறப்பது அப்பா அம்மா இருவருக்கும் பிறக்கும் பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும். உறுப்புக்கும் திசுவுக்கும் குளோனிங் வேண்டும் என்ற பழைய வாதம் முன்போல வலுவாக இல்லை. ஜப்பானின் யமனாகா சாதாரணத் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் ஆக்கிக் காட்டினார். 2012-ல் நோபல் பரிசும் வாங்கினார். முட்டையே தேவைப்படாத வழி.

எதிர்த்தரப்பில் என்னை உண்மையிலேயே தடுமாற வைப்பது ஒரே வாதம்தான். விந்தணுவும் இல்லை, கருமுட்டையும் இல்லை, ஆனால் தன் ரத்தத்தில் ஒரு பிள்ளை வேண்டும் என்கிற தம்பதி. 'இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?' என்று கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்கிற ஊரில் அந்த ஏக்கத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனாலும் முடியாது என்றுதான் சொல்வேன். 2018-ல் சீனா அறிவித்த குளோன் குரங்குகளைப் பாருங்கள். வளர்ந்த குரங்கின் செல்லிலிருந்து செய்த 181 கருக்களை 42 குரங்குகளின் வயிற்றில் வைத்தார்கள். இரண்டு குட்டி பிறந்தன, இரண்டும் பிழைக்கவில்லை. படத்தில் சிரித்த முகமாக நாம் பார்த்த ஜோங் ஜோங், ஹுவா ஹுவா இரண்டும் பிறக்காத சிசுவின் செல்லிலிருந்து வந்தவை. மனிதரில் அந்த 42 இடத்தில் யாரை நிறுத்துவது?

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டு நெறிகள் மனிதரை குளோன் செய்வதைத் தடை செய்கின்றன. நெறிதான், நாடாளுமன்றம் போட்ட சட்டம் இல்லை. அதைச் சட்டமாக்க வேண்டும் என்பது என் கட்சி. கமெண்டில் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

பெரியம்மாவிடம் இதில் எதையும் சொல்லவில்லை. டெக்சாஸில் 2001-ல் பிறந்த ஒரு பூனையைப் பற்றி மட்டும் சொன்னேன். அதன் மூலப் பூனைக்கு ஆரஞ்சும் கறுப்பும் வெள்ளையுமாக உடம்பு. நகலாகப் பிறந்த குட்டியிடம் ஆரஞ்சே இல்லை. எந்த செல்லில் எந்த நிற மரபணு வேலை செய்யும் என்பது தற்செயலாகத் தீர்மானமாகிறது; நகலுக்கு எடுத்த செல்லில் ஆரஞ்சு நிற மரபணு அணைந்திருந்தது என்கிறார்கள். உரிச்சு வச்ச மாதிரி என்று வாயால் சொல்லலாம், நகல் எடுத்தாலும் அப்படி வருவதில்லை என்றேன்.

"அப்போ வர்றது வேற புள்ள" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அது பாவம், அவன் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கும்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பந்திக்கு ஆள் கூப்பிடப் போனார்.