ஓவர்கிளாக்கிங்கில் மதர்போர்டின் பங்கு எவ்வளவு?

விலை உயர்ந்த மதர்போர்டு இருந்தால் கிராபிக்ஸ் கார்டைக் கூடுதலாக ஓவர்கிளாக் செய்யலாம் (நிர்ணயித்த வேகத்தைவிட அதிக வேகத்தில் இயக்கலாம்) என்று ஒரு கட்டுரையில் கூறியிருப்பது, பெரும்பாலான கார்டுகளைப் பொறுத்தவரை சரியல்ல. ஜிபியுவுக்கும் (கிராபிக்ஸ் கார்டின் முதன்மை சிப்) அதன் மெமரிக்கும் செல்லும் மின்னழுத்தத்தைச் சீராக்கும் விஆர்எம் பகுதி கார்டிலேயே அமைந்துள்ளது. சிப்பின் தரம், கார்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் பதிந்துள்ள மின்வரம்பு, கூலர் ஆகியவையே அது எட்டக்கூடிய வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

மதர்போர்டின் பங்கு, கார்டு பொருத்தப்படும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வழியாகச் செல்லும் மின்சாரத்தில்தான் இருக்கிறது. அந்த ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரலாம் என்பது விதி. எஞ்சிய தேவைக்கு, 8 பின் கேபிள் ஒவ்வொன்றும் பவர் சப்ளையிலிருந்து நேரடியாக 150 வாட் வரை கொண்டுவருகிறது. 2016 ஜூன் இறுதியில் வெளியான ஏஎம்டி ஆர்எக்ஸ் 480 கார்டு ஸ்லாட்டிலிருந்து அந்த 75 வாட் வரம்பைத் தாண்டி மின்சாரம் எடுப்பது சோதனைகளில் தெரியவந்தபோது, ஓவர்கிளாக் செய்தால் பழைய, மலிவான போர்டுகள் தாங்குமா என்ற கவலை எழுந்தது நியாயமே. நிறுவனம் ஜூலையிலேயே புதிய டிரைவர் வெளியிட்டு அதைச் சரிசெய்தது.

தனி பவர் கேபிள் இல்லாத ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாடல்களுக்கோ ஸ்லாட் தருவதே எல்லை. எவ்வளவு விலை கொடுத்து போர்டு வாங்கினாலும் அந்த 75 வாட் வரம்பு உயராது. ஆகவே, போர்டுக்கென ஒதுக்கும் கூடுதல் பணத்தை நல்ல கூலர் உள்ள கார்டுக்கும் காற்றோட்டமான கேபினெட்டுக்கும் செலவிடுமாறு கட்டுரையாளர் பரிந்துரைத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.