கொல்லைக் கதவைப் பூட்டினீர்களா?

"வயது, புகை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் சரிசெய்த பிறகும் தொடர்பு நீடித்தது." நோய்ப்பரவல் ஆய்வுகளில் இந்த வரியைப் படித்தாலே என் கை பேனாவைத் தேடும். சரிசெய்வது என்றால், இந்த விஷயங்களில் ஒரே மாதிரி இருப்பவர்களை ஒப்பிடுவதுபோல, அவற்றின் பங்கைக் கணக்கில் கழித்துவிடுவது. எது எதற்குக் காரணம் என்று பார்க்க, பேப்பரின் ஓரத்தில் பெட்டி போட்டு அம்பு வரைய ஆரம்பித்துவிடுவேன்.

வைட்டமின் சி கதையைப் பாருங்கள். 2001-ல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 45 முதல் 79 வயதுவரை உள்ள 19,496 பேரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. ரத்தத்தில் வைட்டமின் சி அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினர் இறக்கும் ஆபத்து, மிகக் குறைவாக இருந்தவர்களின் ஆபத்தில் கிட்டத்தட்ட பாதிதான். வயது, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிகரெட், சர்க்கரை, சத்து மாத்திரை எல்லாவற்றுக்கும் சரிசெய்திருந்தார்கள். அடுத்த வருடமே, இதயநோயோ சர்க்கரையோ இருந்த 20,536 பேரைக் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரித்து நடத்திய பிரிட்டிஷ் சோதனை முடிவு வந்தது. வைட்டமின் இ, சி, பீட்டா கரோட்டின் சேர்த்து ஐந்து வருடம் கொடுத்தார்கள். இறந்தவர்கள், வைட்டமின் குழுவில் 14.1 சதவீதம், போலி மாத்திரைக் குழுவில் 13.5. ஒன்றும் நடக்கவில்லை. பழம் சாப்பிடுவது வேறு, மாத்திரை போடுவது வேறு என்ற வாதத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் இவ்வளவு பெரிய பலன் அப்படியே காணாமல் போனதற்கு அது மட்டும் போதாது.

2004-ல் லாலர் என்ற ஆய்வாளரின் குழுவினர் பிரிட்டிஷ் பெண்களிடம் தோண்டிப் பார்த்தார்கள். சிறுவயதில் வீட்டில் குளியலறை இருந்ததா? வெந்நீர் வந்ததா? படுக்கையறையைப் பலரோடு பகிர்ந்தீர்களா? கார் இருந்ததா? இப்படி வளர்ந்த வீட்டின் வசதிக்கும், வயதான பிறகு ரத்தத்தில் இருக்கும் வைட்டமின் சி-க்கும் தொடர்பு தெரிந்தது. அறுபது வயது ரத்தத்தில் ஆறு வயது வீட்டின் குளியலறை!

இப்போது படம். "சிறுவயது வறுமை" என்று ஒரு பெட்டி. அதிலிருந்து ஒரு அம்பு வைட்டமின் சி-க்கு, இன்னொன்று மரணத்துக்கு. வைட்டமினுக்கும் மரணத்துக்கும் நடுவே இதுதான் கொல்லைக் கதவு: வைட்டமின் ஒன்றுமே செய்யாவிட்டாலும் இரண்டையும் பின்பக்கமாக இணைத்துக் காட்டும் வழி. இன்றைய சிகரெட், இன்றைய பிரஷர் என்று சரிசெய்தால் கதவு ஒருக்களித்துக் கிடக்குமே தவிர மூடாது. எந்தப் பக்கம் பிசகும் என்பதும் படத்திலேயே தெரியும்: வறுமை வைட்டமினைக் குறைக்கிறது, மரணத்தைக் கூட்டுகிறது. அப்படியானால் மிச்சமிருக்கும் பிசகு வைட்டமினை நல்லவனாகத்தான் காட்டும்.

பலர் தவறவிடுவது இன்னொன்று. "புகைப்பவரா? ஆம் / இல்லை" என்று படிவத்தில் டிக் அடிப்பது ஒரு பெட்டி. நாற்பது வருடமாக நுரையீரலுக்குள் போன புகை வேறொரு பெட்டி. இரண்டாவதிலிருந்து முதலாவதற்கு அம்பு போகிறது, அவ்வளவுதான். நாம் சரிசெய்வது டிக்கை. புகையை அல்ல. ஒரு நாளைக்கு ரெண்டு பிடிப்பவரும் ரெண்டு பாக்கெட் பிடிப்பவரும் அந்தப் படிவத்தில் அண்ணன் தம்பி. இதையும் வரைந்து பார்த்தால்தான் உறைக்கும்.

பிரஷருக்குச் சரிசெய்ததிலும் எனக்கு உறுத்தல். வைட்டமின் சி பிரஷரைக் குறைத்துத்தான் உயிர் காக்கிறது என்றால், நாமே அந்த வழியை வெட்டிவிட்டோம் அல்லவா? பாதையில் நிற்பவனையும் கொல்லைப்புறத்தில் நிற்பவனையும், சரிசெய்தவற்றை வரிசையாகப் போடும் அட்டவணை பிரித்துக் காட்டாது.

படத்துக்கும் எல்லை உண்டு. கசிவு இருக்கிறது என்று சொல்லும், எத்தனை லிட்டர் என்று சொல்லாது. அதற்கு ஈ-வேல்யூ போன்ற கணக்கு வேண்டும். ஆபத்து பாதியாகத் தெரிந்தால் அது சுமார் 3.4 வரும். அளக்காத காரணி ஒன்று வைட்டமினோடும் மரணத்தோடும் தலா 3.4 மடங்கு பிணைந்திருந்தால்தான் முழுப் பலனையும் அது தனியாக விழுங்க முடியும். ஒரே பூதம் அவ்வளவு பெரிதாக இருக்காது என்று ஆறுதல்பட வேண்டாம். குட்டிகள் பத்து சேர்ந்தே வரும்.

சமீபத்தில் ஒரு பேப்பரை ரிவ்யூ செய்தபோது "அம்புப் படம் எங்கே?" என்று எழுதி அனுப்பினேன். திருத்திய பிரதியில் அழகாகக் கலரில் போட்டிருந்தார்கள். ஆசையாகத் திறந்தேன். அவர்கள் அளந்த மாறிகளுக்கு மட்டும் பெட்டி இருந்தது.